வம்சமா, தேசமா

எந்த விளையாட்டை வைத்துக்கொண்டால் அக்காவுக்கு அடி குறைவாக விழும் என்று யோசித்துத்தான் நான் பதில் சொன்னேன். மாமா கேட்டது அதை இல்லை.

"ஒண்ணுதான் நிக்கும் மாப்ளே. ரெண்டுக்கும் இதுல இடமில்ல. எதை வைக்கிறது, எதைத் தூக்குறது? நீயே சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை. சாப்பாடு முடிந்து தட்டுகள் உள்ளே போயிருந்தன. முன்னறை மேசையில் கம்ப்யூட்டர் இரைந்துகொண்டிருந்தது. யாரோ ஆபீஸில் கழித்துப் போட்டதை மாமா வாங்கி வந்தது. அரை மணி நேரம் ஓடினால் அடிப்பக்கம் அடுப்பாகக் கொதிக்கும். ஈரத்துணியை மடித்துக் கீழே வைத்துக்கொண்டுதான் விளையாட வேண்டும்.

இரண்டு விளையாட்டுக்கும் அசல் பெயர் வேறு. எங்கள் நாக்குக்கு அது வராது. நாங்களாக வைத்த பெயர்கள் வம்சம், தேசம்.

வம்சத்தில் நீ ஒரு மனிதன். குதிரையும் வாளும் மட்டும் இருந்த காலத்து ராஜா. உனக்குப் பெண்டாட்டி உண்டு, தம்பி உண்டு, சித்தப்பன் உண்டு, பிள்ளைகள் உண்டு. கல்யாணம் கட்டி, வாரிசு பெற்று, இடைஞ்சலான சித்தப்பனுக்கு விஷம் வைத்து ஆள வேண்டும். நீ செத்தால் உன் மகனாக எழுந்திருப்பாய். மகன் இல்லாவிட்டால் ஆட்டம் முடிந்தது. தேசத்தில் நீ மனிதனே இல்லை. நீதான் நாடு. பீரங்கியும் கப்பலும் வந்துவிட்ட காலம். வரைபடம், படை, வரி, துறைமுகம். ராஜா மூலையில் ஒரு பெயராக நிற்பான். அவன் போனால் இன்னொரு பெயர் வரும். யாரும் அழுவதில்லை.

எங்களோடு வேலை பார்க்கும் ரேடியோ இரண்டையும் விளையாடிப் பார்த்தவன். வாய் ஓயாது, அதனால் அந்தப் பெயர். அவன் சொல்வான்: "ஒண்ணுல சொந்தக்காரனைக் கொல்லணும், இன்னொண்ணுல அசலானைக் கொல்லணும். ரெண்டுலயும் சம்பளம் கிடையாது."

மூன்று மாதம் முன்பு வம்சத்தில் மாமாவுக்கு ஒரு கடிதம் வந்தது. திரையில் ஓலை விரியும், அதில் செய்தி இருக்கும். ராணிக்கும் குதிரைப்படைத் தலைவனுக்கும் தொடர்பு என்று அதில் இருந்தது. மாமா அதை உரக்கப் படித்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். தளபதியின் தலையை எடுத்தார், ராணியைக் கோபுரத்தில் அடைத்தார். எல்லாம் முறையாக முடிந்தது. பிறகு எழுந்து சமையலறையில் இருந்த அக்காவிடம் போனார்.

"வியாழக்கிழமை பேக்கிங்ல மூணு மணிக்கு விட்டாங்க. நீ வீட்டுக்கு வந்தது நாலேகால்."

"பஸ் வரலைங்க."

"யாரு வந்தான்?"

அக்காவின் இடது கை மோதிரவிரலைப் பிடித்துப் பின்னால் வளைத்தார். மூட்டு விடும் சத்தம் எனக்குத் தெரியும். வேலையில் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை அதைக் கேட்கிறேன். முன்னறையில் உட்கார்ந்த இடத்திலிருந்தே அது எந்த மூட்டு என்று சொல்லிவிட முடிந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

தேசத்தை மாமா ரேடியோ வீட்டில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை விளையாடியிருந்தார். இரண்டு நாளும் அமைதியாகத் திரும்பி வந்தார். பீரங்கியை மலைமேல் ஏற்றினால் என்ன ஆகும் என்று கைகளை ஆட்டி எங்களுக்கு விளக்கிவிட்டுத் தூங்கிப்போனார். என் கையில் இருந்த அத்தாட்சி அவ்வளவுதான். அதோடு இன்னொன்று: தேசத்தில் பெண்டாட்டி கிடையாது.

"தேசத்தையே வைங்க மாமா."

"ஏன்டா? இருநூத்தி நாப்பது வருஷம் ஓட்டியிருக்கோம். ஒன்பது தலைமுறை."

"எத்தனை நாளைக்குக் குடும்பச் சண்டையே பாக்குறது? பீரங்கி வெச்சு அடிக்கிறதுதான் உங்களுக்குச் சரியா வரும்."

மாமாவுக்கு அது பிடித்திருந்தது. அவரைக் குளிர வைக்கும் வித்தை எனக்குக் கைவந்தது. அவர் தயவில் வேலைக்கு வந்து அவர் வீட்டில் சாப்பிடுகிறவன் அதைக் கற்றுக்கொள்ளாமல் இருக்க முடியாது.

அக்கா துண்டில் கையைத் துடைத்தபடி வாசலில் நின்றாள். கட்டுப்போடாமல் ஆறிய விரல் கோணிக்கொண்டு தனியாக நீட்டி நின்றது. "பாத்திரம் கழுவுற வெளையாட்டு எதாவது வந்தா சொல்லுங்க. நான் ஒருத்தியே எல்லாரையும் ஜெயிச்சிடுவேன்."

மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். அந்த நேரத்தில் பார்த்தால் நல்ல மனிதர். சண்டாளனாகவே இருபத்துநாலு மணி நேரமும் இருந்து தொலைத்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

வம்சத்தை அழித்தார். திரையில் ஒரு பட்டை மெதுவாக நிறைந்து முடிந்தது. "ஒன்பது தலைமுறையும் ஒரே நிமிஷத்துல காலி. பிளேக் வந்தாகூட இவ்ளோ சுத்தமா சாவாங்களா?" என்றார்.

எங்கள் வேலை இறைச்சித் தொழிற்சாலையில். மாட்டை அடிப்பதும் உரிப்பதும் வேறு கூடத்தில் நடக்கும். எங்களிடம் வருவது தோல் போன, தலை போன, நாலாக அறுத்த உடம்பு. மேலே சங்கிலி ஓடும், சங்கிலியில் கொக்கி, கொக்கியில் கால்வாசி மாடு. இடமிருந்து வலமாக வரும். ஒவ்வொருவன் முன்னால் வரும்போதும் அவனுக்குரியதை அவன் வெட்டி எடுக்க வேண்டும். நான் தோளைப் பிரிப்பேன். எனக்கு வலப்பக்கம் மாமா, அவர் விலா. எதிரே ரேடியோ. கூடத்தைக் குளிராகவே வைத்திருப்பார்கள். ஒன்பது மணிக்கெல்லாம் விரல் மரத்துவிடும், கத்தி பிடித்திருக்கிறோமா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மாமாவைத் தொழிற்சாலையில் பீரோ என்பார்கள். நின்றால் பின்னால் இருப்பவன் தெரியமாட்டான். அவரைப் போல விலா பிரிக்க அங்கே ஆள் கிடையாது.

இரும்பு வலைக் கையுறை இடது கைக்கு மட்டும்தான், இறைச்சியைப் பிடிக்கிற கைக்கு. கத்தி பிடிக்கிற கைக்கு ஒன்றும் கிடையாது. நான் தோளைச் சுற்றி அறுத்து முடிக்கும்போது என் கத்தி வலப்பக்கம் வெளியே வரும். அதே நேரம் விலாவின் முதல் கீறலைப் போட மாமாவின் வலது கை என் பக்கம் நீளும். நான் கத்தியை உள்ளேயே ஒரு மூச்சு நிறுத்தி, அவர் கீறல் விழுந்தபின் வெளியே எடுப்பேன். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அந்த ஒரு மூச்சை அவருக்கு விட்டுக்கொடுக்கிறேன். அவர் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

இதனால்தான் எங்களுக்குள் ஒரு வழக்கம். காலையில் ஜன்னலில் கத்தியை எண்ணிக் கொடுக்கும்போது மேஸ்திரி ஒவ்வொருவனிடமும் கேட்பார்: "பேச்சு இருக்கா?" பக்கத்தில் நிற்பவனோடு மனஸ்தாபம் இருந்தால் "இல்லை" என்று சொல்ல வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கமாட்டார். இருவரில் ஒருவனை அன்றைக்குக் குடல் கழுவும் தொட்டிக்கு அனுப்பிவிடுவார். கம்பெனி போட்ட விதி இல்லை, கத்திக்காரர்கள் தாங்களாக வைத்துக்கொண்டது. "இருக்கு" என்று சொன்னபின் வெட்டு விழுந்தால் அது விபத்து, மேஸ்திரி விபத்துத் தாளில் கையெழுத்துப் போடுவார், கம்பெனி நஷ்டஈடு தரும். பொய்யாக "இருக்கு" என்று சொன்னது தெரிந்தால் தாளும் கிடையாது, இரண்டு பேருக்கும் கத்தியும் கிடையாது. வேறு எந்தத் தொழிற்சாலையிலும் கிடைக்காது. மேஸ்திரிகளுக்குள் செய்தி போய்விடும்.

தேசம் வந்து ஆறு வாரம் வீட்டில் கை ஓங்கவில்லை. எனக்குள் ஒரு கர்வம் கூட வந்தது. அக்காவின் கழுத்தில் அடிபட்டுக் கன்றிய தடம் மஞ்சளாகி மறைவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன், நான் தேர்ந்தெடுத்தது என்று.

ஏழாவது வாரம் மாமா ஜெயித்து வைத்திருந்த மலைநாடு கலகம் செய்தது. படை போவதற்குள் கோட்டை போயிற்று. மூன்று மாவட்டம் கையை விட்டுப் போனது. மாமா கத்தவில்லை. பட்டன் பட்டனாக அழுத்தி, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஜனங்களின் கொந்தளிப்பு எவ்வளவு என்று காட்டும் பட்டியலைக் கண்டுபிடித்தார். அப்போதுதான் அது இருப்பதே எங்களுக்குத் தெரியும்.

"பாத்தியா மாப்ளே? அஞ்சு வருஷமா ஏறிக்கிட்டே இருந்திருக்கு. நான் பாக்கல. கலகம் வந்தப்புறம் படை அனுப்புறவன் மடையன். வர்றதுக்கு முந்தியே அனுப்பணும்."

அன்றிலிருந்து அமைதியாக இருக்கிற மாவட்டங்களுக்குத்தான் முதலில் படை போயிற்று. ஊரைக் கொளுத்துவார், ஆண்களைத் தொலைப்பார், கொந்தளிப்பு இறங்கும். பட்டியல் பூராவும் பூஜ்யமாக நிற்கும்போது நாற்காலியில் சாய்ந்துகொள்வார்.

பிறகு அக்காவின் போனை வாங்கித் தன் லாக்கரில் வைத்தார். பேக்கிங் வேலையிலிருந்து நிறுத்தினார். கடைக்குப் போனால் என்னோடு போக வேண்டும் என்றார். எதையும் கோபமாகச் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு மூன்று மணி இருக்கும். படைகள் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தன. மாமா ஆட்டத்தை நிறுத்தி வைத்தார். எழுந்து சமையலறைக்குப் போனார். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். முடியைப் பிடித்து முகத்தை அடுப்பு மேடை விளிம்பில் ஒரு தடவை மோதினார். ஒரே தடவை. தொழிற்சாலையில் மாட்டின் நெற்றியில் சுத்தியல் போடுகிறவன் எப்படி இரண்டாவது போடமாட்டானோ அப்படி. திரும்பி வந்து உட்கார்ந்து ஆட்டத்தை ஓடவிட்டார். படைகள் அக்கரை ஏறின.

"அக்கா என்ன பண்ணுச்சு மாமா?" என்றேன்.

"ஒண்ணும் பண்ணல."

"அப்புறம்?"

"பண்ணக் கூடாதுன்னுதான்."

வம்சத்தில் ஒரு காரணமாவது வேண்டியிருந்தது. பொய்யோ புளுகோ, ஒரு கடிதம் வர வேண்டும். தேசத்தில் அதுவும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. அதைத் தேர்ந்தெடுத்தவன் நான்.

மறுநாள் மாமா குளிக்கப் போயிருந்தபோது அக்காவிடம் சொன்னேன். "பழைய வெளையாட்டையே போடச் சொல்றேன்க்கா. அதுல இந்தக் கொந்தளிப்பெல்லாம் கிடையாது."

அவள் என்னை ஏதோ பூச்சியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். கிழிந்த உதடு சிரிப்பில் மறுபடி விரிந்து ரத்தம் வந்தது. "இதைத்தான் இத்தனை நாளா உக்காந்து யோசிச்சியா?" என்றாள். "ராணியை அடைச்சு வெச்சா எனக்குப் பரவால்ல, ஊரைக் கொளுத்தினா எனக்குப் பரவால்லன்னு? டேய், வெளையாட்டு இல்லாத வருஷமும் எனக்கு அடி விழுந்துச்சுடா. நீ அப்ப இங்க இல்ல."

"பின்ன நான் என்னதான் பண்றது?"

"எனக்குத் தெரியாது. உனக்கு வாய்னு ஒண்ணு இருக்கா இல்லையா? அவர்கிட்ட அதைத் திறந்து பாத்திருக்கியா? சோறு போடுறதுக்கு மட்டும் திறக்குறே."

அந்த வாரம் முழுக்க வாயைத் திறக்க நினைத்தேன். சங்கிலிக்குப் பக்கத்தில் நின்றபோது ஒரு தடவை "மாமா" என்றேன். "என்ன?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றேன். எதிரேயிருந்து ரேடியோ கத்தினான்: "பீரோவைத் திறக்கச் சாவி தேடுறான் நம்ம மாப்ள. பாவம், கிடைக்கல."

அடுத்த ஞாயிறு திறந்தேன். அக்கா எங்களைக் கேட்காமல் தெருமுனை மருந்துக்கடைக்குப் போய் வந்திருந்தாள். பல் வலி. கடை வாசலில் பேக்கிங்கில் கூட வேலை பார்த்தவளைப் பார்த்து இரண்டு நிமிஷம் பேசியும் இருக்கிறாள். மாமா கதவருகிலேயே அவளைப் பிடித்தார். நான் நடுவில் போய் நின்று, "மாமா, விடுங்க. தப்பு பண்றீங்க" என்றேன். இரண்டு வருஷத்தில் நான் அவரிடம் சொன்ன முதல் நேரான வாக்கியம்.

என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கிச் சுவரில் அடித்தார். தலைக்குள் வெள்ளையாக ஒன்று வெடித்தது. நெஞ்சில் முழங்கால் இறங்கியது. எழுந்திருக்க முயன்றேன், காலுக்கும் எனக்கும் தொடர்பு இல்லை. தரையில் கிடந்தபடியே பார்த்தேன். மூடிய முஷ்டி, வலது கை. அக்காவின் தாடையில் கீழிருந்து மேலாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. இரண்டாவது விழுந்தபோது அவள் முகத்தின் அடிப்பாகம் தனியாக நகர்ந்து போய் நின்றது. அவள் கத்தவில்லை, கத்துவதற்கு வாய் சேரவில்லை. எச்சிலும் ரத்தமும் நூலாகத் தொங்கின, அதில் ஒரு பல்.

மாமா கையை உதறினார். விரல் முட்டியில் பல் பட்ட கீறல். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்றார் என்னிடம். "பாத்ரூம்ல வழுக்கிடுச்சு."

ஆஸ்பத்திரியில் நான் அப்படியே சொன்னேன். நர்ஸ் என் நெற்றிப் புடைப்பைப் பார்த்தாள். "நீங்களும் அதே பாத்ரூம்லதான் வழுக்கினீங்களா?" என்றாள். தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. கம்பி போட்டுப் பல்லோடு பல்லைச் சேர்த்துக் கட்டினார்கள். இரண்டு மாதத்துக்குக் குழாயில்தான் சாப்பாடு.

வீட்டுக்கு வந்தபோது மாமா சமைத்து வைத்திருந்தார். அவரும் நானும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். "உப்பு போதுமா?" என்று கேட்டார். போதும் என்றேன்.

திங்கட்கிழமை ஜன்னலில் மேஸ்திரி கத்தியை நீட்டினார். "பேச்சு இருக்கா?"

"இருக்கு மேஸ்திரி."

நெற்றியைப் பார்த்தார். மறுபடி கேட்டார். "இருக்கா?"

"இருக்கு."

பின்னால் மாமா. "பேச்சு இருக்கா?" "ஏன் இல்லாம? வீட்டுக்காரியோட தம்பி."

கத்தியை வழக்கத்தைவிட நேரமெடுத்துத் தீட்டினேன். முதல் ஒரு மணி நேரம் கையே தானாக அந்த ஒரு மூச்சை விட்டுக்கொடுத்தது. பழக்கம் என்பது அவ்வளவு கெட்டி. நான் வெட்ட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன், கை மறுக்கிறது. தோள், நிறுத்து, அவர் கீறல், வெளியே. ரேடியோ தன் மாமியார் கீழே விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான், வரிசையே சிரித்தது. மாமாவும் சிரித்தார். சிரித்தபடியே வலது கையை என் பக்கம் நீட்டினார். விரல் முட்டியில் அக்காவின் பல் போட்ட கீறல் காய்ந்து கறுத்திருந்தது.

நான் நிறுத்தவில்லை.

மணிக்கட்டுக்கு நாலு விரல்கடை மேலே, உள்பக்கமாக, குறுக்கே. எலும்பில் கத்தி தட்டும்வரை. விரலை மடக்குகிற நரம்புகள் அங்கேதான் கட்டாகப் போகின்றன. மாட்டுக் காலில் எத்தனை முறை அறுத்திருக்கிறேன், மனிதனுக்கும் இடம் அதேதான். அறுந்ததும் இழுத்துக் கட்டிய கயிறு விடுபட்ட மாதிரி உள்ளுக்குள் சுருண்டு ஓடின. கையில் அது தெரிந்தது.

மாமாவின் கத்தி கீழே விழுந்தது. குளிரில் முதலில் அவருக்கு வலிக்கவில்லை. ரத்தம் துடித்துத் துடித்து வெள்ளை ஏப்ரனில் அடித்தது. அவர் தன் விரல்களைப் பார்த்தார். முஷ்டி மடக்கப் பார்த்தார். கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் அசைந்தது. மற்ற நாலும் வேறு யாருடையவோ போலத் தொங்கின. பிறகு என்னைப் பார்த்தார். இரண்டு வருஷமாகப் பக்கத்தில் நிற்கிறேன், சங்கிலி ஓடும்போது அவர் என்னைத் திரும்பிப் பார்த்தது அன்றுதான். அவருக்குப் புரிந்துவிட்டது.

சங்கிலி நின்றது. மேஸ்திரி ஓடிவந்து ஏப்ரன் வாரால் முழங்கைக்கு மேல் இறுக்கிக் கட்டினார். கட்டிக்கொண்டே கேட்டார். "பேச்சு இருந்துச்சா? உண்மையைச் சொல்லு."

'இல்லை' என்று மாமா சொன்னால் என் கதை முடிந்தது. அவருடையதும் முடிந்தது. காலையில் அவரும்தான் 'இருக்கு' என்றார். மேஸ்திரி தாளில் கையெழுத்துப் போடமாட்டார், கம்பெனி ஒரு பைசா தராது. வலியிலும் மாமா இதையெல்லாம் யோசிப்பதைப் பார்த்தேன். மலையில் பீரங்கியை எங்கே நிறுத்தலாம் என்று யோசிக்கும்போது இருக்கிற அதே முகம்.

"இருந்துச்சு மேஸ்திரி," என்றார். "நேத்துகூட ஒண்ணாத்தான் சாப்பிட்டோம்."

நரம்புகளைத் தேடிப் பிடித்துத் தைத்தார்கள். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை மாவுக்கட்டு. விரல் அசைவு பாதி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். மாமா வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார், தேசத்தைத் திறந்தார், இடது கையால் மவுஸைப் பிடித்தார். வெட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் நாள் அம்புக்குறி திரை முழுக்கத் தள்ளாடியது. வடக்கே போக வேண்டிய படை கடலோரம் போய் நின்றது. மூன்றாம் நாள் சரியான இடத்துக்குப் போயிற்று.

எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த முஷ்டி இனி மூடாது. கம்பி கட்டிய வாயோடு அக்கா இரண்டு பேருக்கும் சமைத்தாள், தனக்குக் கஞ்சியை வடிகட்டினாள், அவருக்கு ஊட்டினாள்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. நான் வீட்டுக்குள் நுழையும்போது மாமா தண்ணீர் கேட்டார். அக்கா கொண்டுவரக் கொஞ்சம் தாமதம். வாங்கிய எஃகு டம்ளரை இடது கையால் அவள் முகத்துக்கு வீசினார். காதோரம் போய்க் கதவில் பட்டு நசுங்கி விழுந்தது.

"குறி இன்னும் வரல," என்றார் என்னைப் பார்த்து. சிரித்தார். "பழகிடும் மாப்ளே. மவுஸ் பழகிச்சுல்ல?"

அக்கா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் பல்லிடுக்கு வழியாகப் பேசினாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் எச்சிலை உறிஞ்ச வேண்டியிருந்தது.

"வேணும்னுதான் வெட்டினியா?"

"ஆமாக்கா."

"எனக்காகவா?"

"ஆமா."

நான் எதை எதிர்பார்த்து நின்றேனோ, அது வரவில்லை.

"வெளையாட்டை மாத்தினே. அப்புறம் கையை மாத்தினே." உறிஞ்சினாள். "வாக்கா போலாம்னு. ஒரு தடவை. வாயில வந்துச்சா?"

எனக்குச் சுருக்கென்றது. உண்மையிலேயே ஒரு தடவைகூட எனக்கு அது தோன்றியதில்லை. இந்த வீட்டுக்குள் எதை மாற்றி வைக்கலாம் என்றுதான் எப்போதும் யோசித்திருக்கிறேன். வீட்டுக்கு வெளியே என்று ஒன்று இருப்பது நினைவிலேயே இல்லை.

"இப்ப வாக்கா. போலாம்."

"நீ வந்தா அவரு பின்னாடியே வருவாரு. நீ இரு." வெங்காயக் கூடைக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பை எடுத்தாள். ஏற்கெனவே கட்டி வைத்திருந்தது. மருந்துக்கடையில் பேசிய அந்த இரண்டு நிமிஷம் எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "நாலு பத்துக்கு பஸ். அதுவரைக்கும் அவரை விடாதே." கதவை நோக்கித் திரும்பியவள் நின்றாள். "கத்தி வேணாம்."

முன்னறை வழியாகத்தான் போக வேண்டும், வேறு வாசல் இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். மாமா திரையிலிருந்து கண்ணை எடுத்தார். பையைப் பார்த்தார். "எங்கடி?" என்றார், கிட்டத்தட்ட சாதாரணமாக. அவள் செருப்பைத் தேடி மாட்டினாள். அதற்குள் நாற்காலி கவிழ்ந்தது.

நான் பாய்ந்து இரண்டு கையாலும் அவர் இடது மணிக்கட்டைப் பிடித்தேன். அவர் மாவுக்கட்டுக் கையைத் தூக்கி என் காதின்மேல் இறக்கினார். சுவரில் அடிபட்டது போன வாரம், இது அதைவிட மோசம். காதுக்குள் ஏதோ கிழிந்து சூடாக வழிந்தது. மறுபடி இறக்கினார், மறுபடியும். கட்டு விரிசல் விட்டது, உள்ளே தையல் பிரிந்திருக்க வேண்டும். வெள்ளையில் சிவப்பு ஊறியது, அவரே மிருகம் மாதிரி அலறினார். ஆனாலும் அடித்தார். நான் தலையை அவர் அக்குளுக்குள் நுழைத்துக்கொண்டு கையை விடாமல் தொங்கினேன். என் தோளைக் கடித்தார். சட்டையோடு சதையும் பல்லில் போயிற்று. கதவு திறந்தது, மூடியது.

"விடுடா நாயே! பொண்டாட்டியை அனுப்பிட்டு..."

காலை வாரினேன். இரண்டு பேரும் மேசையோடு சரிந்தோம். கம்ப்யூட்டர் விளிம்புக்கு வந்து, விழாமல் நின்றது. மாமா மல்லாந்து கிடந்தார். அவர் மார்பில் ஏறி உட்கார்ந்து, இடது கையைத் தரையோடு அழுத்தி, என் முழங்காலை அதன்மேல் வைத்தேன். முழு பாரத்தையும். அவர் துள்ளினார். நூற்றுப்பத்து கிலோ மனிதர் துள்ளுவது என்றால் சங்கிலியிலிருந்து பாதி உயிரோடு அவிழ்ந்த மாட்டைப் பிடிப்பது மாதிரி. பின்மண்டையைத் தரையில் மோதி மோதி எழுந்திருக்கப் பார்த்தார். என் மூக்கில் நெற்றியால் முட்டினார். மூக்கு உடைந்தது. அவர் முகமெல்லாம் என் ரத்தம். நான் அடிக்கவில்லை. ஒரு அடிகூட அடிக்கவில்லை. வெறும் பாரமாக உட்கார்ந்திருந்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. துள்ளல் நின்றது. இரண்டு பேரும் வாயால் மூச்சு வாங்கினோம். மாவுக்கட்டு ரத்தத்தில் ஊறி ரொட்டி மாதிரி இளகிவிட்டது. தெருவில் யாரோ ஒரு பெண் யாரையோ கூப்பிட்டாள், அக்கா குரல் இல்லை. மாமா கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். கண்ணோரம் ஈரம். அது வலியா, வேறா, எனக்குத் தெரியவில்லை.

"எழுந்திரு," என்றார் கடைசியில். குரல் போயிருந்தது. "ஒண்ணுக்கு வருது. எழுந்திருடா."

தலையைத் திருப்பிப் பார்த்தேன். மேசை விளிம்பில் திரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. யாரும் நிறுத்தாததால் படைகள் தாங்களாகவே எங்கேயோ போய்க்கொண்டிருந்தன. கீழே மூலையில் மணி நாலு ஐந்து.

"அஞ்சு நிமிஷம் பொறுங்க மாமா," என்றேன்.